சொத்தை விற்காத கர்னல்

தேனி மாவட்டத்தில் ஒருவர் சாமியாவதற்கு ஜனவரி 15-ல் பிறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஜான் பென்னிகுயிக் அந்தத் தேதியில்தான் பிறந்தார். வருடம் 1841, ஊர் புனே. அந்த வருடம் தைப்பொங்கல் சில நாள் முன்பே வந்து போயிருக்கும் என்று பஞ்சாங்கம் அறிந்தவர்கள் சொல்வார்கள். அவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். மீதிப் பாதி வேலையை அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை பார்த்துக்கொண்டது.

கம்பத்தில் ஒரு டீக்கடையில் முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவே கோட்டும் மீசையுமாக இருக்கிறார் கர்னல் பென்னிகுயிக். மூவருக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தி.

“அண்ணே, இவரு சொத்தை வித்துத்தான் அணை கட்டுனாருங்கிறாங்களே, நெசமா?” என்று கேட்டேன்.

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “சொத்து மட்டுமாண்ணே, பொண்டாட்டி நகையையும் சேத்துல்ல வித்தாரு!” என்றவர், என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க வெளியூரா?” என்றார்.

அதற்கு மேல் கேட்டால் டீ கிடைக்காது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளம் வந்து பாதி அணையை அடித்துக்கொண்டு போனது. வெள்ளைக்கார அரசாங்கம் கையை விரித்தது. கர்னல் கப்பலேறி லண்டன் போய்ச் சொத்துகளை விற்றுக் காசோடு திரும்பினார். கேட்கும்போதே கண் கலங்கும். ஆவணங்களைப் புரட்டிய ஆய்வாளர்களும் இந்தக் கதையைத் தேடிச் சலித்துவிட்டார்கள். தாளில் எங்கும் அகப்படவில்லை. அணை கட்டியது சென்னை அரசாங்கத்தின் பணம்.

இதைச் சொன்னால் கர்னலின் பெருமை குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பொதுப்பணித் துறையில் ஒரு முறையாவது பில் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சொந்தச் சொத்தை விற்பது என்ன பெரிய காரியம்? தரகர் வருவார், பத்திரம் பதிவாகும், முடிந்தது. கட்டியது கண்ணெதிரே ஆற்றோடு போன பிறகும் அரசாங்கத்தின் கையிலிருந்து காசைக் கறந்துகொண்டே இருப்பதுதான் சாதனை. அதைச் செய்தவருக்கு மணிமண்டபம் தாராளமாகக் கட்டலாம். லோயர் கேம்ப்பில் கட்டியும் விட்டார்கள்.

ஆரம்பத்திலிருந்தே அவருக்கு வாழ்க்கை ஒன்றும் சொகுசாக இல்லை. அப்பா ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பாவும் பதினேழு வயது அண்ணனும் ஒரே நாளில் செத்துப்போனார்கள். ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்த பையன் பாதிரியாராகவோ வக்கீலாகவோ ஆகியிருக்கலாம். இவர் இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்து, சென்னை எஞ்சினியர் படையில் சேர்ந்து, 1860-ல் இந்தியாவுக்கே திரும்பி வந்தார். நடுவில் அபிசீனியப் படையெடுப்புக்கும் ஒரு நடை போய்வந்தார்.

கிரிக்கெட் பிடிக்கும். சென்னையில் பொதுப்பணித் துறை அலுவலகம் சேப்பாக்கம் அரண்மனையில். சென்னை கிரிக்கெட் கிளப்பின் மைதானம் பக்கத்திலேயே. எஞ்சினியருக்குக் கோப்புகளிலிருந்து தலையைத் தூக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1879-ல் கிரேஸ் என்ற பெண்மணியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்து பெண்கள், ஒரு பையன். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பது நம் ஊர்க் கணக்கு. அந்தக் கணக்குப்படி கர்னலிடம் விற்பதற்குச் சொத்து எங்கே மிஞ்சியிருக்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அணைக்கு வருவோம். இந்த யோசனை அவருடையதல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடிக் கடலில் வீணாகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர மலைக்கு ஆள் அனுப்பினார். முடியும் என்று தெரிந்தது. கஜானாவைப் பார்த்தார், முடியாது என்றும் தெரிந்தது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் என்பவர் வந்து பார்த்துவிட்டு, இது வெறும் பகற்கனவு என்று எழுதிக் கோப்பை மூடினார். (மொழி ஆராய்ந்த பாதிரியார் கால்டுவெல் அல்ல. பாவம், அவர்மேல் ஏற்கெனவே நிறையப் பழி இருக்கிறது.) பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகே அரசாங்கத்துக்குத் தண்ணீர் ஞாபகம் வந்தது. 1882-ல் பென்னிகுயிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள்.

இடம் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. 1886-ல் குத்தகை எழுதினார்கள்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் ஐந்து ரூபாய், 999 வருடம். வாடகை வீட்டுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுப் பழகிய நமக்கு இதைப் படித்தாலே தலை சுற்றும். அணை பத்திரமாக இருக்கிறதா, யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதற்கு உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

1887-ல் வேலை தொடங்கியது. இன்றைக்கு டிக்கெட் வாங்கிப் படகேறி நாம் யானை பார்க்கிற தேக்கடி ஏரி இந்த அணையால் வந்ததுதான். அப்போது அங்கே ஏரி இல்லை. யானை மட்டும் இருந்தது. புலியும் அட்டையும் மலேரியாவும் இருந்தன. பாதை கிடையாது. பொருள்கள் ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வரும். அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி, மலைமேல் கம்பிவடம், அதன் பிறகு ஆற்றில் படகு. சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கலந்த காரைதான். கம்பம் பள்ளத்தாக்குக் கூலிகள் ஒரு பக்கம், சென்னைப் பயனியர் படைச் சிப்பாய்கள் ஒரு பக்கம், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்கள் இன்னொரு பக்கம். ஆற்றை மறித்துத் தற்காலிகத் தடுப்பு கட்டுவார்கள், வெள்ளம் வந்து கொண்டுபோகும், மறுபடி கட்டுவார்கள். ஆற்றுக்கும் கர்னலுக்கும் யார் பிடிவாதக்காரர் என்று ஒரு போட்டியே நடந்திருக்கிறது.

காய்ச்சலும் குளிரும் தாங்கக் கூலிகளுக்குச் சாராயம் கொடுத்தார்கள். சாராயம் இல்லாவிட்டால் அணை முடிந்திருக்காது என்றே ஒரு பேச்சு உண்டு. டாஸ்மாக்குக்கு முன்பே சாராயத்தை வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்த அரசாங்கம் அது. ஆனாலும் 483 பேர் நோயில் செத்தார்கள். அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. அவர்களுக்கு ஊதுபத்தி கொளுத்துகிற டீக்கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கி வைகையில் சேர்ந்தது. அரசாங்கம் கர்னலுக்கு ஒரு பட்டம் கொடுத்தது. அடுத்து இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் எஞ்சினியரிங் கல்லூரித் தலைவர் பதவி. பிறகு ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தை எப்படி அடக்கலாம் என்று 1899-ல் ஓர் அறிக்கை. வெள்ளத்தைப் பற்றி யோசனை சொல்ல அவரைவிட அனுபவஸ்தர் யார் இருக்கிறார்கள்? அதே வருடம்தான் மகன் பிறந்தான். அப்பாவுக்கு வயது 58.

அந்தப் பையன் பின்னாளில் லண்டனில் நீதிபதியானார், சர் பட்டமும் வாங்கினார். உட்கார்ந்ததோ சான்சரி நீதிமன்றத்தில். அங்கே உயில், அறக்கட்டளை, சொத்து வழக்குகள்தான் நடக்கும். அப்பா குடும்பச் சொத்தை விற்றிருந்தால் அதைப் பற்றி விசாரிக்க வீட்டிலேயே ஆள் இருந்தது.

கர்னல் 1911 மார்ச்சில் கேம்பர்லியில் காலமானார். நம்மவர்கள் அதோடு விடவில்லை. 2021-ல் மதுரையில் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அது பென்னிகுயிக் குடியிருந்த வீடு, தொடக்கூடாது என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அந்தக் கட்டடம் எழும்பியதே 1912-13-ல்தான் என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள். செத்த மறுவருடம் புதுவீடு குடிபோன ஒரே எஞ்சினியர் என்ற பெருமையும் அவருக்கு நூலிழையில் தப்பிப்போனது.

கம்பத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தைக்குக் கர்னலுக்குப் பொங்கல் வைக்கும்போது பக்கத்தில் இன்னும் இரண்டு பானை வையுங்கள். ஒன்று, கஜானாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட முத்திருளப்ப பிள்ளைக்கு. இன்னொன்று அந்த 483 பேருக்கு. அந்தப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் சாராயமும் இருந்தால் நல்லது; போலீஸ்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.