பேர் மட்டும் உள்ள கோட்டோ

1968-இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி விஞ்ஞானி, நிரலை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவவைக்கும் கோட்டோ கட்டளை வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினார். 'தீங்கானது' என்ற தலைப்பு அவர் வைத்ததல்ல. பத்திரிகை ஆசிரியர் நிக்லாஸ் விர்த் வைத்தது. கடிதத்தைப் படிக்காதவர்களும் தலைப்பைப் பார்த்தே சாமியாடினார்கள்.

பிறகு ஜாவா என்ற நிரல்மொழி வந்தது. அங்கே கோட்டோவுக்கு ரேஷன் கார்டில் பேர் உண்டு, அரிசி கிடையாது. அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மாறிக்குப் பெயராகக்கூடச் சூட்ட முடியாது, வேலையும் செய்யாது. நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டரும் இல்லவே இல்லை என்றார்கள். நிம்மதியாக நிரலை ஓட்டினால், திரையில் சிவப்பாக 'நல்பாயின்டர்எக்செப்ஷன்'. இல்லாத மாமியார் எப்படி ஐயா சண்டைக்கு வந்தாள்?

சி மொழிக்காரர்களிடம் இந்தப் பாசாங்கு இல்லை. சி-யில் எழுதிய லினக்ஸ் கெர்னலில் இன்றும் கோட்டோ ஏராளம். பாதியில் பிழை வந்தால், வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க ஃபங்ஷனின் கடைசிக்கு ஒரே தாவு. (2014-இல் தெரியவந்தபடி, ஆப்பிளின் நிரலில் 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி தப்பித்தவறி இரண்டு தடவை விழுந்து, பாதுகாப்புச் சோதனையையே தாண்டிக் குதித்தது வேறு கதை.)

பிஎச்பி மொழி 2009-இல்தான் கோட்டோவைப் புதிதாகச் சேர்த்தது. சேர்த்த கையோடு, கோட்டோ எழுதுகிறவர்மேல் டைனோசர் பாயும் கார்ட்டூனையும் கையேட்டில் ஒட்டிவிட்டார்கள்.