சீர்காழிக்குப் பக்கத்தில் போனி எம்

கேள்வி: பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய கேசட் பெட்டி கிடைத்தது. சீர்காழியின் முருகன் பாட்டு, போனி எம்மின் டிஸ்கோ, ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரம், 'விதி' பட வசனம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. எனக்கு ரசனை இருந்ததா, இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக இருந்தது. ஆனால் அதில் பாதி உங்களுடையது, மீதி, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரருடையது! 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். சீட்டில் எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் முடிந்து மூன்று நிமிடம் மிஞ்சினால், கைக்குக் கிடைத்ததைப் போட்டு நிரப்பிவிடுவார். முருகன் பாட்டுக்குப் பின்னால் டிஸ்கோ வந்தது அப்படித்தான்.

கலவையாக இருப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சேர்த்தே சமர்ப்பித்தார். திருவையாறும் ஜெர்மனியும் ஒரே கேசட்டில் குடித்தனம் நடத்தலாமென்றால், உங்கள் பெட்டியில் நாலு பேர் இருந்தால் என்ன?

கிடைத்த ஜோரில் உடனே பிளேயை அமுக்கிவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறதா, நடுவிலிருக்கும் குட்டிப் பஞ்சுப் பட்டை விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆறுபட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு, தொங்கும் நாடாவைச் சுற்றி இறுக்குங்கள்.

'விதி' படத்தின் கோர்ட் வசனத்தை மட்டும் சத்தமாக வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வாதாட ஆரம்பித்துவிடுவார்!