வைப்பாறு பரிசீலனையில் உள்ளது

சிவகாசியில் மழைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்மாயில் பெய்யலாம், காயப்போட்ட பட்டாசின் மேல் பெய்யக் கூடாது. இந்த நெளிவுசுளிவு மழைக்குப் பிடிபடவில்லை. பெரும்பாலும் வராமலே இருந்துவிடுகிறது.

பக்கத்தில் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை எல்லாம் வந்தன. அதே கரையில் தண்ணீருக்குத் தோண்டுகிறவருக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

ஆற்றை நிரப்ப யோசனை இல்லாமல் இல்லை. பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் தண்ணீரை வைப்பாற்றுக்குத் திருப்பலாம் என்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995-இல் அறிக்கை கொடுத்தது. உபரி நீரே எங்களிடம் இல்லை என்றது கேரளம். அதன்பின் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ஓடியது: கோப்பு, கடிதம், தேர்தல் வாக்குறுதி. விவசாயிகளும் சளைக்கவில்லை. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வைப்பாறு இணைப்பு, அழகர் அணைத் திட்டம், கண்மாய்க் கருவேலம் அகற்றல் என மனு கொடுக்கிறார்கள். பரிசீலனையில் உள்ளது என்ற பதில் மட்டும் வறட்சியிலும் வற்றுவதில்லை.

தெருவில் குடிநீருக்கு வழி சுருக்கம். காலிக்குடங்களை நடுரோட்டில் வரிசையாக வைத்தால் போதும். ஆள் நிழலில் நிற்கலாம், மறியல் செய்வது குடம்தான். பஸ் நிற்கும், அதிகாரி வருவார், சாயங்காலம் லாரி வந்துவிடும். லாரி திரும்பும்போது பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா கேட்டார்: “அண்ணாச்சி, நம்ம தெருவுக்கு மறியல் என்னைக்கு?”