காலிங்கராயன் தீவு: இலக்கணமும் உரையும்

தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை போன தை மாதம் அந்தமான் போனார். போகும்போது மஞ்சள் வியாபாரியாகப் போனவர், திரும்பும்போது தீவு அறிஞராக வந்தார். ஒறம்பரை கூடியிருந்த வீட்டில், அரிசியும்பருப்புச் சாதம் ஆறிக்கொண்டிருக்க, செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளி விளக்கினார். “மொத்தம் 836 தீவுங்க மச்சான். ஆள் குடியிருக்கறது 31லதான். சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்டிப்போகுது. நம்மூர்ல என்னங்க இருக்குது, வெயிலும் மஞ்சத்தூளும் தவிர?”

அன்றிரவே இந்நூல் தொடங்கப்பட்டது.

முதலில் இருட்டு விஷயம். ஈரோட்டுக்கும் அந்தமான் தலைநகருக்கும் இடையே தீர்க்கரேகைக் கணக்கில் ஏறக்குறைய 15 பாகை. அதாவது அங்கே சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே டூட்டி தொடங்கி, ஒரு மணி நேரம் முன்னாலேயே முடிகிறது. கடிகாரம் மட்டும் நம்முடையது. அட்சரேகையிலோ வித்தியாசமே இல்லை எனலாம். ஈரோடு வடக்கு 11 பாகை 20 கலை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் 11 பாகை 40 கலை. அவர்கள் வெப்பமண்டலம் என்றால் நாமும் வெப்பமண்டலம். பாக்கி இருப்பது தீவு மட்டும்.

தீவு என்பது யாதெனின், நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம். அது மூவகைப்படும்: கடல் செய்தது, ஆறு செய்தது, ஆள் செய்தது. கடல் செய்தது மாப்பிள்ளையின் செல்போனில் உள்ளது. ஆறு செய்ததற்கு ஸ்ரீரங்கமும், பிரம்மபுத்திராவில் மாஜுலியும் சான்று. மூன்றாவது வகையை நூலோர் யாரும் கூறாமல் விட்டது, அவர்கள் ஈரோடு பக்கம் வராததால்.

எல்லை கூறுதும். பவானிக்கு அருகே, பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால், வலக்கரையில் காலிங்கராயன் அணை. அங்கே கிளம்பும் வாய்க்கால், காவிரிக்குத் துணையாகத் தெற்கே வளைந்து வளைந்து 90 கிலோமீட்டர் போய், கொடுமுடி தாண்டி ஆவுடையார்பாறையில் நொய்யலில் விழுகிறது. நொய்யல் போய்க் காவிரியில் விழுகிறது. ஆகவே வடக்கே பவானி ஆறு, கிழக்கே காவிரி, தெற்கே நொய்யல், மேற்கே வாய்க்கால். நடுவில் உள்ள நீண்ட, ஒல்லியான, கோணல்மாணலான நிலத்துக்கு வேறு என்ன பெயர் சொல்வது? அதன்மேல் ஈரோடு–கரூர் ரயில் ஓடுகிறது. சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்குகிறவர்களில் ஒருவருக்கும் தாம் தீவில் பயணம் செய்கிறோம் என்று தெரியாது. டிக்கெட்டிலும் அச்சடிப்பதில்லை.

தடை: வெட்டிய வாய்க்காலைக் கொண்டு தீவு கொள்ளலாமோ? விடை: கொள்ளலாம். கிரேக்க நாட்டில் 1893இல் கொரிந்து கால்வாயை வெட்டி முடித்த பிறகு பெலொபொனீசஸ் முழுவதையுமே தீவு என்று சொல்வாருளர். நம்முடையது 1271இல் தொடங்கி 1283இல் முடிந்ததாகச் சொல்லப்படுவது. அறுநூறு ஆண்டு மூப்பு. கிரேக்கர்தாம் நம்மிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

வெட்டியவர் காலிங்கராயன். வெள்ளோட்டுக்காரர், பாண்டியரிடம் அதிகாரியாக இருந்தவர். வாய்க்காலுக்குத் தடம் தெரியாமல் நின்றபோது ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து வழிகாட்டியது என்பது எங்கள் அமுச்சி சொன்ன கதை. எல்லா அமுச்சிகளும் சொல்வது. வளைவுகளுக்கு அதுவே காரணமாம். பொறியியல்காரர்கள் வேறு சொல்வார்கள்: மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாட்டம் குறையாமல், மெதுவாக நீரை நடத்தினால்தான் அதிக ஏக்கரா நனையும், நேராக வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும், நிலம் காய்ந்தபடி நிற்கும். இரண்டு விளக்கமும் ஒன்றுதான் என்பது என் துணிபு. சமமட்டம் பார்ப்பதில் பாம்பை மிஞ்சின லெவல் கருவி எது?

இனி தட்பவெப்பம். அந்தமானில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை. இங்கே 700 சொச்சம். ஆனால் நாங்கள் தண்ணீரை வானத்திடம் கேட்பதில்லை. நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடி வழியாகக் கேரளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பவானிசாகரில் தங்கி இளைப்பாறி வருகிற ஆற்றிடம் கேட்கிறோம்.

மக்கள். அந்தமானில் கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், நிகோபாரில் ஷோம்பென், நிகோபாரியர் என்று பழங்குடிகள் ஆறு. காலிங்கராயன் தீவில் குடிகள் இரண்டே: தலைமடையார், கடைமடையார். சாதி, கட்சி, கூட்டம், கோயில் எல்லாம் இதற்குப் பிற்பட்ட பிரிவுகள். தலைமடையார் அணைக்குக் கிட்டே இருப்பவர். தண்ணீர் விட்ட மறுநாளே வயலில் நின்று, “இன்னிக்குப் போதும், மடையை அடைச்சுடு” என்பவர். கடைமடையார் கொடுமுடிப் பக்கத்தார், வாய்க்கால் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, வடக்கே பார்த்து, “வந்துருமுங்களா?” என்பவர். தலைமடையார் பேச்சில் தண்ணீர் என்பது வெறும் பெயர்ச்சொல். கடைமடையார் பேச்சிலோ அது எப்போதும் எதிர்கால வினைமுற்று. இவ்விருவர்க்கும் நடுவே முறைத்தண்ணீர்க் கணக்கு என்று ஒன்று உண்டு. அதை முழுக்க விளங்கிக்கொண்டதாகச் சொன்ன ஒரே ஆள் என் பெரியப்பா. அவரும் விளக்கச் சொன்னால் வெற்றிலை போட்டுக்கொள்வார்.

மூன்றாவது ஒரு குடியையும் கூற வேண்டும்: வாய்க்காலுக்கு மேற்கே, மேட்டில் இருப்போர். தீவுக்காரர் பார்வையில் இவர்கள் பெருநிலத்தார். கிணறு வெட்டி, போர் போட்டு, மோட்டார் காயில் எரிந்து, வாய்க்கால் பாசனத்துக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இவர்களின் தொழில். பெண் கொடுக்கும்போது மட்டும், “மாப்பிள்ளைக்கு வாய்க்கால் தோட்டம்” என்பதை மூன்று தடவை சொல்வார்கள்.

பொருளாதாரம். அந்தமானில் தென்னை, பாக்கு, மீன், பிறகு சுற்றுலாக்காரன். இங்கே நெல், வாழை, கரும்பு, தென்னை, எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சள். ஒன்பது பத்து மாதம் மண்ணில் கிடந்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, விரலி தனியாகக் கிழங்கு தனியாகப் பிரிந்து மண்டிக்குப் போகும்போது, அது ஒரு குழந்தையை வளர்த்துக் கட்டிக்கொடுத்த மாதிரி. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் விலை குறியீட்டைப் பார்த்து ஏறவில்லை. தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது.

தீவின் இன்னொரு ஏற்றுமதி, குரல். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். அன்றைய லட்சத்தை மஞ்சளாக மாற்றினால் எத்தனை மூட்டை என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

இறக்குமதி சாயக்கழிவு. இதைப் பகடியாக எழுத வரவில்லை. தென்கரையான நொய்யல் திருப்பூரின் நிறங்களைச் சுமந்து வந்த காலத்தை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மேற்குக்கரையிலும் கழிவு கலக்காதிருக்க வாய்க்காலை ஒட்டியே ‘பேபி வாய்க்கால்’ என்று இன்னொன்று கட்டினார்கள். உலகில் அகழிக்கு அகழி வைத்திருக்கும் தீவு இது ஒன்றாகத்தான் இருக்கும். பேபி என்று பேர் வைத்தவர் அதன் நாற்றத்தை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

சுற்றுலாத் தலங்கள். வாயில், கருங்கல்பாளையம். 1921 ஜூலைக் கடைசியில் பாரதி அங்குள்ள வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசினார். அதுவே அவரது கடைசிப் பொழிவு என்பர், செப்டம்பரில் போய்விட்டார். அந்தமான் செல்லுலார் சிறையில் நடுவிலிருந்து ஏழு கிளைகள் விரிந்திருந்தன, இன்று மூன்றுதான் நிற்கின்றன என்று மாப்பிள்ளை சொன்னபோது நான் இதைச் சொன்னேன். சுதந்திரக் கணக்கு சமன் ஆனது.

அடுத்து, காங்கயம்பாளையம் நட்டாற்றீஸ்வரர். காவிரியின் நட்டநடுவே பாறைமேல் கோயில். தீவுக்கு ஒரு துணைத்தீவு! இலட்சணமுள்ள எந்தத் தீவுக் கூட்டத்துக்கும் இதுவே அடையாளம். நடைபாலம் உண்டு. ஆற்றில் நீர் நிறைந்து போகும்போது அங்கே நின்றால், கோயில்தான் ஆற்றை எதிர்த்து நீந்திப்போவது போல் தோன்றும்.

பிறகு கொடுமுடி மகுடேஸ்வரர், வன்னி மரம், ஆடிப் பதினெட்டுக் கூட்டம். பங்குனி உத்திரத்துக்கு இங்கிருந்து காவிரித் தீர்த்தத்தைக் காவடி கட்டிப் பழனிக்கு நடந்து கொண்டுபோகிறார்கள். தன் கடலையே தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் தீவுவாசிகளை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. காலிங்கராயன் தன் சொந்த நிலத்துக்காகத்தான் வாய்க்கால் வெட்டினார் என்று யாரோ பேசினார்களாம். அவர் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனார், தம் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று ஆணையிட்டார் என்று சொல்வார்கள். தீவைச் செய்தவன் தீவில் இல்லை. பேசினவன் வம்சம் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் பேச்சு இன்னும் நிற்கவில்லை.

மே மாதம் மாப்பிள்ளையை நேரில் கூட்டிப்போனேன். வாய்க்கால் அடைத்திருந்தார்கள். கரையிலிருந்து இறங்கி, வெடித்த வண்டல் மேல் நடந்து, எதிர்க்கரை ஏறினோம்.

“தீவுக்குள்ள வந்துட்டமுங்களா மச்சான்?”

“வந்தாச்சு.”

குனிந்து செருப்பைப் பார்த்தார். “நனையவே இல்லீங்களே?”

பிரான்சில் மோன் சென் மிஷேல் கடல் ஏறினால் தீவு, இறங்கினால் கரை என்று பருவத் தீவு பற்றிய சூத்திரத்தைத் தொடங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். “தண்ணி உட ஜூன் ஆகுமுங்.”

மாப்பிள்ளை தலையாட்டினார். “அப்ப சீசன்ல வர்றேனுங்.”