ஹெரால்டுக்கு எத்தனை ஆம்பியர்?

பழைய கார் வைத்திருப்பவனுக்கு யோசனை சொல்ல ஊரே வரும். என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டப்போகிறேன் என்றதும், மாப்பிள்ளைக்குச் சம்பளம் விசாரிக்கிற மாதிரி எல்லாரும் கேட்டது ஒன்றே: "எத்தனை ஆம்பியர்?"

"45தானா?" என்று உதட்டைப் பிதுக்கினான் மச்சினன். புதுப்பேட்டைக் கடைக்காரர், "90 போடுங்க சார், கவலையே இருக்காது" என்றார். எதிர்வீட்டுப் பெரியவரோ, "அவ்வளவு கரண்ட் வந்தா பல்பெல்லாம் வெடிச்சிடும்" என்று பயமுறுத்தினார். வெடிக்காது. ரெகுலேட்டர் வோல்டேஜை 14 சொச்சத்தில் பிடித்து வைக்கும். பல்பு தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும்.

டைனமோவை ஏன் கழற்ற வேண்டும்? இந்த வயது வண்டிகளில் வருகிற லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சாய்ச் சுற்றினாலே 22 ஆம்பியர்தான். மழை ராத்திரியில் மவுண்ட் ரோடு சிக்னலில் நின்றால் அதுவும் கிடையாது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஹெட்லைட் மங்கும், வைப்பர் பாதி வழியில் நின்று யோசிக்கும்.

பால் கணக்கு எழுதும் நோட்டில் கூட்டிப் பார்த்தேன். 60 வாட் ஹெட்லைட் இரண்டு, 10 ஆம்பியர். இக்னிஷன் காயிலுக்கு 4. சின்ன பல்புகளுக்கு 3. வைப்பருக்கு 3. பிரேக்கை மிதித்தால் இன்னும் மூன்றரை. போன் சார்ஜர் வேறு. மொத்தம் 25-ஐ ஒட்டி வருகிறது. பேட்டரிக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்று கால் பங்கு சேர்த்தாலும் 32 தாண்டவில்லை.

அப்படியானால் 36 போதாதா? இங்கேதான் மாப்பிள்ளை விஷயம். சொல்கிற சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு. லேபிளில் இருக்கும் எண், ஆல்டர்னேட்டர் 6000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. சிக்னலில் ஐடிலிங்கில் அதில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். அதனால்தான் 45.

90 என்றால்? ராத்திரி பேட்டரி இறங்கிப்போயிருந்தால், காலையில் அது அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். அத்தனையும் 22 ஆம்பியருக்காகப் போட்ட பழைய வயர் வழியாக வர வேண்டும். வயர் சூடேறி உருகும். ஒல்லி ஃபேன் பெல்ட் வழுக்கிக் கீச்சிட்டுத் தெருவையே எழுப்பும். 45-க்கே நான் தடித்த வயர் இழுத்துவிட்டேன். பேட்டரியின் எந்த முனை எர்த் என்றும் பார்த்துக்கொண்டேன். மாற்றிக் கொடுத்தால் டயோடு நொடியில் காலி.

இவ்வளவையும் மச்சினனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, அப்போ ஏசி எப்படி மாட்டுவீங்க?" என்றான். 948 சிசி இன்ஜினில் ஏசி ஓடினால் மேம்பாலத்தில் யாராவது இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அந்த வேலையை அவனுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.