ஸ்டியரிங் ஆட்ட நிவாரணம்: ஒரு சாஸ்திரீய விசாரணை

மனுஷ்ய ஜாதிக்கு நேர்ந்த இடையூறுகளுள் ஜுரம், கடன், சொல்லாமல் வரும் உறவினர் ஆகிய மூன்றைப் பற்றியும் பிரமாணமான நூல்கள் மலிந்து கிடக்க, பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங்கில் தோன்றும் ஆட்டத்தைப் பற்றித் தமிழில் முறையான ஆராய்ச்சி ஒன்றும் இதுகாறும் எழாதது நம் புலமை உலகுக்கே ஒரு குறையாகும். 1966 ஏப்ரலில் இந்தக் கோலாலம்பூரிலேயே, தனிநாயக அடிகளாரின் அரிய முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. பல தேசத்து அறிஞர்கள் பல பொருள் பற்றிக் கட்டுரை படித்தனர். ஆயினும் ஸ்டியரிங்கைத் தொட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை ஒருவாறு நிரப்புதலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் எம்.ஜி. டி.சி. என்னும் வண்டி. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட இவ்விருவர் வாகனம், 1250 சி.சி. எஞ்சினும் 19 அங்குலக் கம்பிச் சக்கரங்களும் உடையது. அமெரிக்காவுக்குக் கப்பலேறியவையும் வலப்பக்க ஸ்டியரிங்குடனேயே போயின. ஆகவே மலாயாச் சாலைக்கு இது பிறவியிலேயே பொருத்தமானது. இதன் ஸ்டியரிங் 'பிஷப் கேம்' வகையைச் சேர்ந்தது. தண்டின் அடியில் திருகுபள்ளம் வெட்டிய உருளை ஒன்று. அப்பள்ளத்துள் பதிந்து நகரும் முளை ஒன்று. முளை நகரக் கரம் அசையும், கரம் அசைய இழுகோல் அசையும், இழுகோல் அசைய முன்சக்கரம் திரும்பும். இடையிலுள்ள ஒவ்வொரு மூட்டும், நிலத் தரகரைப் போல், தனக்கென்று ஒரு சிறு கமிஷன் பிடித்துக்கொள்வதால், கைச்சக்கரம் மூன்று விரற்கடை நகர்ந்த பின்னரே டயருக்குச் செய்தி எட்டுகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவைத் தாண்டிக் கிள்ளான் நோக்கிப் போகையில், போர்ட் கிள்ளானுக்கு விரையும் கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு கடக்கும் அந்தக் கணத்தில், இத்தத்துவம் ஓட்டுபவனுக்கு அனுபவப் பிரமாணமாகவே சித்திக்கும். அடுத்து வந்த டி.டி. வண்டிக்குத் தொழிற்சாலையாரே 'ராக் அண்ட் பினியன்' பொருத்திவிட்டனர், ஆதலால் டி.டி. உடையார்க்கு இக்கட்டுரை வேண்டுவதன்று. அவர்கள் வேறு துன்பம் தேடிக்கொள்க.

ஆட்டத்தின் காரணங்கள் ஆறு என்ப.

முதலாவது, டயர்க் காற்று. பார்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது, கிங் பின்னும் அதன் புஷ்ஷும். தேய்ந்திருந்தால் மாற்றுக, கிரீஸ் அடிக்க மறந்தவனுக்குக் கதி இல்லை.

மூன்றாவது, இழுகோல் முனைகளின் பந்து மூட்டுகள். மேற்படி.

நான்காவது, காஸ்டர் கோணம். ஆதியில் 8 பாகையாக இருந்ததைப் பின்னர்த் தொழிற்சாலையாரே 5½ பாகையாகக் குறைத்தனர். முன் அச்சுக்கும் வில் பட்டைக்கும் இடையே ஆப்பு வைத்துப் பழைய வண்டியிலும் இக்கோணத்தைக் குறைக்கலாம். ஆப்பைத் திருப்பி வைத்துவிட்டு வண்டியைச் சபிப்போரும் உளர்.

ஐந்தாவது, ஓட்டுநர். இவ்வியல் விரிப்பின் பெருகும். அவரவர் இல்லத்தரசியாரைக் கேட்டறிக.

ஆறாவது, ஸ்டியரிங் பெட்டி. இதுவே நம் நூலின் உயிர்நிலை.

இப்பெட்டியின் மேல்மூடிக்கு அடியில் காகிதத்தினும் சற்றே தடித்த தகடுகள் சில உண்டு. பட்டறையில் இவற்றை 'ஷிம்' என்பர். ஆட்டம் கண்ட பெட்டிக்குள் எத்தகைய தகட்டை வைக்கலாம் என்பது பற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதத்தை ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

பிரிக்பீல்ட்ஸ் சம்பிரதாயத்தார் மைலோ டின்னே உத்தமம் என்பர். அதன் பச்சைப் பூச்சு எண்ணெய் கசியாதபடி காக்கும் என்பது அவர்கள் சித்தாந்தம் (காண்க: பட்டறைப் பில் புத்தகம், பக்கம் 3). கிள்ளான் சம்பிரதாயத்தார் இதை மறுத்து, பூச்சு உரிந்து பள்ளத்துள் விழும் என்றும், எனவே காகித உறையைக் கிழித்த மாத்திரத்தில் வெறுந்தகடாகிவிடும் கெட்டிப்பால் டின்னே சிரேஷ்டம் என்றும் ஸ்தாபிப்பர் (காண்க: அதே பில் புத்தகத்தின் கார்பன் பிரதி, பக்கம் 3-இன் பின்புறம், எண்ணெய்க் கறைக்கு வடகிழக்கே). அக்காலத்துக் காப்பிக்கடைகளில் கெட்டிப்பால் டின்னிலேயே காப்பியை ஊற்றிக் கயிறு கட்டிக் கையில் கொடுத்தது உலகறிந்தது. சூட்டுக்கும் திரவத்துக்கும் ஏற்கெனவே பழகிய தகடு கியர் எண்ணெய்க்கு அஞ்சாது என்பது அவர்கள் கூறும் ஹேது. பால் டின்னைச் சரிவரக் கழுவாவிடில் பெட்டிக்குள் எறும்பு புகும் என்று பிரிக்பீல்ட்ஸார் ஆட்சேபிக்க, எறும்பு புகுந்தால் இடைவெளி நிரம்பி ஆட்டம் குறையுமன்றோ எனக் கிள்ளானார் விடையிறுத்தனர் என்பது கர்ண பரம்பரை (காண்க: ஒட்டுக்கடை மேசையொன்றில் தே தாரேக் கோப்பை விட்ட வளையத்தைச் சுற்றிப் பேனாவால் எழுதி, மறுநாள் துடைக்கப்பட்டு, துடைத்த பையனின் நினைவிலிருந்து மீட்கப்பட்ட பாடம், பாடபேதம்: 'எறும்பு' என்பதற்குக் 'கரப்பான்').

ஒரு பெட்டியினுள் கிடைத்த தகட்டைக் கொண்டு அது பழுதுபார்க்கப்பட்ட காலத்தையும் நிர்ணயிக்கலாம் என்று துணிந்த ஆய்வாளர் ஒருவர், அத்தகட்டுக்கு இருபது ஆண்டு முன்பின்னாகத் தேதி குறித்தார். இதைச் சிலர் நகைத்தனர். தொல்காப்பியத்துக்கு ஆயிரம் ஆண்டு முன்பின்னாகத் தேதி குறித்துவிட்டு, பொன்னாடையும் ஓய்வூதியமும் பெற்று வாழ்வோர் நம்மிடையே இருக்க, இந்த இருபதாண்டுக்காரரை நகைப்பது நியாயமாகாது.

செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராய் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்களின் மூன்றாம் சம்பிரதாயம் ஒன்றும் உண்டு. 'தண்டவாளம் இருக்கையில் ஸ்டியரிங் எதற்கு?' என்னும் ஒரே வினாவில் அது அடங்கும். இப்பூர்வபக்ஷத்துக்கு இன்றளவும் எவரும் சமாதானம் கூறவில்லை.

இவ்வாறு வாதம் வளர வளரத் தகடுகளும் வளர்ந்தன. ஒரு தலைமுறை வைத்ததன்மேல் மறு தலைமுறை வைத்தது. மூலத்தின்மேல் உரை, உரைமேல் விளக்கம், விளக்கத்தின்மேல் குறிப்பு என்ற முறையில், கிள்ளானில் ஒரு பட்டறையில் திறக்கப்பட்ட டி.சி. பெட்டி ஒன்றினுள் மைலோ, பால், பிஸ்கட் ஆகிய முத்திறத் தகடுகளும் பேதமின்றி அடுக்கியிருந்தன. கிரீஸ் அப்பிய விரலால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியில் பரப்பிய இளம் போமன், தலை நிமிராமலே சொன்னான்: "இது தகடு வைக்கிற பெட்டி இல்லண்ணே, எடுக்கிற பெட்டி."

அவன் சொன்னது மெய்யே. தகட்டைக் கூட்டினால் மூடி உயரும், முளை பள்ளத்தினின்று விலகும், ஆட்டம் பெருகும். தகட்டைக் குறைத்தால் மூடி தாழும், முளை இறங்கிப் பதியும், ஆட்டம் அடங்கும். இருசாராரும் இத்தனை காலம் நோயையே மருந்தாக ஊட்டிவந்தனர். எனினும் அவ்விளைஞன் மேற்கோள் எதுவும் காட்டாமையால், அவன் கூற்று ஆராய்ச்சி ஆகாது என்று இரு சம்பிரதாயத்தாரும் முதன்முறையாக ஒருமித்துத் தீர்மானித்தனர்.

மேற்கோள் வேண்டாதார்க்கு முறை வருமாறு. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை நேர்நிலையில் வைத்து, மூடியைக் கழற்றி, ஒரே ஒரு ஷிம்மை எடுத்து, மீண்டும் முடுக்குக. பிறகு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பார்க்க. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பள்ளம் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவின் ஆட்டத்தை அடக்கப் போய்க் கோடிகளில் இறுகினால், எடுத்த ஷிம்மைத் திரும்ப வைத்துவிடுக. அப்பெட்டிக்கு இனித் தகட்டால் ஆவதொன்றில்லை. உருளையையும் முளையையும் மாற்றுவதே வழி. அனைத்தும் முடிந்தபின் கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றுக. நன்கு சீர்செய்த பெட்டியிலும் ஒரு விரற்கடை ஆட்டம் எஞ்சும்; அது வண்டியின் சுபாவம், பிழையன்று.

ஆதலின் டி.சி. வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது ஒன்றே: பெட்டியைத் திறந்ததும் புதிதாக எதையும் வைக்கும் முன், முன்னோர் வைத்துப்போனதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பழைய நூல்களுக்குப் புதிய உரை எழுத உட்காரும் அறிஞர்களுக்கும் இதுவே விண்ணப்பம்.