இல்லத்துக் கணினியில் சதுரங்கத் தரவுத்தளம் நிறுவுதல்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் ஒன்று: ஆய்வுத் தேவையும் எல்லையும்

சதுரங்கம் ஆடுவது பற்றி நூல்கள் பல உண்டு. ஆடிய ஆட்டங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளை வீட்டுக் கணினியில் ஏற்றுவது பற்றித் தமிழில் ஓர் ஆய்வேடும் என் கண்ணில் படவில்லை. இக்குறை அறிஞர்களால் நெடுங்காலமாக உணரப்பட்டு வந்தது என்று தொடங்குவது மரபு. உண்மையில் ஒருவரும் உணரவில்லை. யாரும் உணராத குறையை நிரப்புவதற்குத்தான் ஆய்வு என்று பெயர் என்பதால் மேலே செல்வோம்.

ஆய்வெல்லை: கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலையடிவாரம், இடைப்பட்ட சமவெளி. மலைமேல் வீடுகள் விலக்கப்பட்டன. சித்திரை மாதத்து மதியத்தில் சி.பி.யூ பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, டேபிள் ஃபேனை மனிதர்களிடமிருந்து பிடுங்கிப் பெட்டிக்கு எதிரே வைக்கும் நிலை அங்கே வருவதில்லை. அந்த நிலை வராத இடத்தில் நிறுவுதலின் முழு இயல்பு வெளிப்படாது.

இயல் இரண்டு: கோட்பாட்டுப் பின்புலம்

தேவைப்படவில்லை.

இயல் மூன்று: முன்னோர்

இத்தொழிலின் ஊற்றுக்கண் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். 1985-ல் காஸ்பரோவ் அந்நகர அணியின் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடி, 3½–4½ என்று தோற்றுப் போனார். 1987-ல் மறுபடி வந்தபோது கையில் ஓர் ஆயுதம் இருந்தது. மத்தியாஸ் வுல்லன்வேபர் என்ற இயற்பியல் மாணவர் அட்டாரி கணினிக்கு எழுதிய நிரல் அது. எட்டுப் பேரின் பழைய ஆட்டங்களையும் அதில் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர் 7–1 என்று வென்றார். செஸ்பேஸ் என்ற பெயரில் அந்த நிரல் உலகம் முழுக்கப் பரவிய கதை இதுதான்.

திண்டுக்கல் இல்லத்தலைவர்கள் இந்த வரலாற்றை நன்கு அறிவார்கள். இதில் அவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. காஸ்பரோவின் எதிராளிகள் ஆடிய ஆட்டங்கள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தன. இங்கே எதிராளி பெரும்பாலும் வத்தலக்குண்டிலிருந்து பஸ் பிடித்து வரும் தாய்மாமன். அவர் ஆட்டத்தை யார் எழுதி வைத்தார்?

இயல் நான்கு: நிறுவுமுறை

நிறுவப்படும் காரணம் எப்போதும் பிள்ளை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்து, வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை சுவரெங்கும் கைகூப்பி நின்ற பிறகு, செஸ் கிளாஸில் சேராத பிள்ளை அருகிப் போனது. கிளாஸில் சேர்ந்த பிள்ளைக்குத் தரவுத்தளம் வேண்டும் என்று தந்தைக்குத் தோன்றும். பிள்ளைக்குத் தோன்றியதாகச் சான்று இல்லை.

மென்பொருள் இருவகை: காசு கொடுப்பது, கொடுக்காதது. முன்னதற்கு ஒரு தொடரெண் தருவார்கள். அதைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி வைப்பார்கள். பத்திரிகை பழைய பேப்பர்காரரிடம் போகும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுக்குச் சொந்தமான ஊர் இது. மாங்காய்ப் பூட்டின் சாவியை இடுப்பில் செருகிப் பழகிய பரம்பரைக்கு, கண்ணுக்குத் தெரியாத சாவியால் திறக்கும் பூட்டின்மேல் மரியாதை வருவதில்லை. ஆகவே இலவச வகையே இங்கே பெரிதும் பயில்கிறது. நியூசிலாந்துக்காரர் ஷேன் ஹட்சன் தொடங்கி வைத்த ஸ்கிட் அவ்வகையில் தலையாயது. இதில் ஒரு தரவுத்தளம் என்பது மூன்று கோப்புகள்: ஆட்டங்கள் ஒன்றில், பெயர்கள் ஒன்றில், அட்டவணை ஒன்றில். மூன்றில் ஒன்றைத் துப்புரவு ஆர்வத்தில் அழித்துவிட்டால் மற்ற இரண்டும் உதவா.

எங்கே நிறுவுவது என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. சி டிரைவில் போட வேண்டும் என்பது மென்பொருள் ஆசிரியர்களின் கட்சி. “சி-ல போடாதீங்கண்ணே, ஃபார்மேட் பண்ணா போயிரும், டி-ல போடுங்க” என்பது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைத் தம்பிகளின் கட்சி. திண்டுக்கல்லில் இரண்டாவது கட்சிக்குத் தோல்வியே கிடையாது. கேட்க ஆள் பக்கத்தில் இருப்பதே காரணம்.

நல்ல நேரம் பார்த்துத் தொடங்குவோர் உளர். நாளிதழில் ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி, நாளை மின்தடை’ பகுதியைப் பார்த்துத் தொடங்குவதே அறிவு என்பேன். 2011 முதல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அக்கா காலத்து ஒன்று வீட்டில் இருக்கும். அதன் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். செருகியைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கரெண்டு போனதும் பாதி இறங்கிய தரவுத்தளம் பாதியிலேயே நிற்கும்.

முழுதும் இறங்கிய பின் கிடைப்பது என்ன? பெரிய தொகுப்புகளில் ஒரு கோடிக்கு மேல் ஆட்டங்கள் உள்ளன. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 2,07,327. தொட்டில் குழந்தை உட்படத் தலைக்கு 48 ஆட்டம் வருகிறது. இந்தக் கணக்கைச் சொன்னபோது ஓர் இல்லத்தின் அப்பத்தா, “அம்புட்டையும் யாருப்பா ஆடி முடிக்கிறது?” என்றார். ஆய்வுலகம் இக்கேள்வியை இதுவரை எதிர்கொள்ளவில்லை.

இயல் ஐந்து: மாமாவைப் பதிதல்

நிறுவி முடித்த அன்று மாலையே இல்லத்தலைவர் தேடல் கட்டத்தில் மாமாவின் பெயரை அடித்துப் பார்க்கிறார். இல்லை. டால் உண்டு, ஃபிஷர் உண்டு, மானுவேல் ஆரோன் உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் தன்னைத் தோற்கடிக்கும் ஆள் மட்டும் அந்தக் கோடியில் இல்லை. இனி ஒரே வழி, தானே பதிவது.

பதிவு முறையை 1993-ல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்தார், பி.ஜி.என் என்பர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏழு குறிப்புகள் கட்டாயம்: போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. போட்டி என்ற இடத்தில் ‘காதுகுத்து’, ‘பொங்கல்’, ‘கரெண்டு போன ராத்திரி’ என நிரப்பலாம். தேதி மறந்தால் ????.??.?? என்று எழுத அம்முறை அனுமதிக்கிறது. நம் குடும்பங்களின் நிகழ்வுகள் பலவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. முடிவு நான்கு: வெள்ளை வெற்றி, கறுப்பு வெற்றி, சமன், நட்சத்திரக் குறி. நட்சத்திரம் என்றால் ஆட்டம் முடியவில்லை, அல்லது முடிவு தெரியவில்லை. பிரியாணிப் பொட்டலம் வந்து பலகை நகர்த்தப்பட்ட ஆட்டங்கள் யாவும் நட்சத்திரமே. அவற்றில் எல்லாம் தானே வெல்லும் நிலையில் இருந்ததாக இருவரும் கூறுகின்றனர்.

அடுத்து நகர்வுகள். இங்கேதான் மென்பொருள் மறுக்கத் தொடங்குகிறது. முதல் நகர்வில் இரண்டு சிப்பாய்களை ஆளுக்கொரு கட்டம் தள்ளுவது மாமாவின் பழக்கம். பழைய வீட்டு விதி அது. மென்பொருள் ஒன்றைத்தான் ஏற்கும். எட்டாம் வரிசையை அடைந்த சிப்பாய் இழந்த காயாக மட்டுமே எழலாம் என்பார் மாமா. மென்பொருளோ இரண்டாவது ராணியை அள்ளிக் கொடுக்கிறது. இதைக் கேலியாக நினைக்க வேண்டாம். சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகும் உரிமை இல்லாத இந்திய விதிகளில் ஆடிப் பழகிய மீர் சுல்தான் கான், புதுவிதிகளைக் கற்றுக்கொண்டு இங்கிலாந்து போய் 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மாமா கற்றுக்கொள்ள மறுக்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

வைத்த காயைத் திரும்ப எடுப்பதற்கும் விதியில் இடமில்லை. பதிவில் இடம் உண்டு! நடக்காமல் போன கிளை ஆட்டத்தை அடைப்புக்குள் எழுதும் வசதி பி.ஜி.என்-இல் இருக்கிறது. மாமாவின் ஓர் ஆட்டத்தில் அடைப்புக்கு உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட நீளம்.

தொடக்க நகர்வுகளை ஏ00 முதல் ஈ99 வரை ஐந்நூறு அறைகளாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள் பெல்கிரேடு அறிஞர்கள். ஓரச் சிப்பாயை நகர்த்தித் தொடங்கும் மாமாவின் ஆட்டங்கள் அத்தனையும் ஏ00-ல் போய் விழுகின்றன. மிச்சம் 499 அறைகளும் காலி.

பெயர்ச் சிக்கல் தனியே நிற்கத் தக்கது. குடும்பப் பெயர், காற்புள்ளி, இயற்பெயர் என்ற வரிசையை மென்பொருள் கேட்கிறது. மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்தின் தந்தை பெயர் விஸ்வநாதன். ‘ஆனந்த், விஸ்வநாதன்’ என்று பதிவாகி, அப்பா பெயரைச் சுருக்கி ‘விஷி’ என்று மேலைநாட்டார் மகனைக் கூப்பிடுகிறார்கள். குகேஷ் காலத்தில் தலைப்பெழுத்து பின்னால் போய் ‘குகேஷ் டி’ என்றானது. மாமாவின் சிக்கல் இவற்றையும் விஞ்சுவது. இல்லத்தலைவர் பதிந்தால் அவர் பெயர் ‘மச்சான்’. பையன் பதிந்தால் ‘மாமா’. இல்லத்தலைவி ஒருமுறை பதிந்தபோது ‘அண்ணன்’. மென்பொருளுக்கு இவர்கள் மூன்று ஆட்டக்காரர்கள்.

ஒரே ஆளின் வெவ்வேறு எழுத்து வடிவங்களை ஒன்றாக்கும் வசதி ஸ்கிட்டில் உண்டு. அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இவ்வாய்வின் அழுத்தமான முடிவு. புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் காரணம் தெரியும். மச்சான் ஈவு இரக்கம் இல்லாமல் ஆடி வெல்கிறார். மாமா நல்ல நிலையிலிருந்து ராணியைத் தூக்கிப் பையன் குதிரையின் வாயில் வைத்துவிட்டு “அடடா, பாக்கலையே” என்கிறார். அண்ணன் பன்னிரண்டாம் நகர்வில் “சரிம்மா, டிரா” என்று எழுந்து காபி குடிக்கப் போகிறார். மூவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் ஆள் வத்தலக்குண்டில் இல்லை.

இயல் ஆறு: இயந்திரம்

தரவுத்தளத்தோடு ஸ்டாக்ஃபிஷ் போன்ற இயந்திரத்தை இணைத்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் சிப்பாயில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக மதிப்பு சொல்லும். பையனிடம் மாமா ராணியை இழந்த இடத்தில் அது சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டது. பையன் அதைப் பார்த்துவிட்டான். “மாமா வேணும்னே விட்டாராப்பா?” என்றான். இல்லத்தலைவர் இயந்திரத்தை நிறுத்தினார். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் குகேஷை 2500 புள்ளிகளைத் தாண்டும்வரை இயந்திரத்தின் பக்கம் விடவில்லை. குகேஷ் 2019-ல் கிராண்ட்மாஸ்டராகி 2024-ல் உலகச் சாம்பியனும் ஆனார். காரணம் வேறாயினும் செயல் ஒன்றே என்று அடிக்குறிப்பு எழுதிக்கொண்டேன்.

இயல் ஏழு: மேலாய்வுக்கு உரிய களங்கள்

பலகையில் சில காய்களே எஞ்சிய நிலைகளுக்கு முற்ற முடிந்த விடைகள் கணிக்கப்பட்டுள்ளன. ரொனால்ட் டி மான் 2013-ல் அறிமுகப்படுத்திய சிசிஜி வகை அட்டவணைகளில் ஐந்து காய் வரைக்கும் ஒரு ஜி.பி. போதும். ஆறு காய்க்குச் சுமார் 150 ஜி.பி. வேண்டும். ஏழு காய்க்குச் சுமார் 17 டி.பி.; அதைத் தாங்க நாகல் நகர் முழுக்க வன்தட்டு கடன் கேட்க வேண்டியிருக்கும். ஆறு காய்க்கு மட்டும் நம் இல்லத்தின் டி டிரைவில் இடம் இருக்கிறது, அக்கா கல்யாண வீடியோவை அழித்தால். அழிக்கலாமா என்பது ஆய்வாளர் கருத்துச் சொல்லக்கூடிய பொருள் அன்று. வீட்டில் கேட்டுச் சொல்வதாக இல்லத்தலைவர் கூறியிருக்கிறார்.